மின்கலத்தைத் தட்டிப் பார்க்கும் அறிவியல்

பொங்கல் நெருங்கும்போது லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் மண்பானைகள் அடுக்கடுக்காக விற்பனைக்கு வந்துவிடும். பானை வாங்க வரும் மூதாட்டி முதலில் விலையைக் கேட்பதில்லை. ஒரு கையில் பானையை ஏந்தி, மறு கையின் விரல் முட்டியால் மெல்லத் தட்டிச் செவி கொடுக்கிறார். ‘கணீர்’ என்று ஒலித்தால் அது நல்ல பானை. ஒலி மழுங்கியிருந்தால், கண்ணுக்குப் புலப்படாத கீறல் எங்கோ இருக்கிறது என்று உணர்ந்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுகிறார்.

இச்செயலில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. ஒன்று, தட்டுதல் மென்மையாக இருத்தல் வேண்டும். ஓங்கித் தட்டினால் சோதனையே பானையை உடைத்துவிடும். மற்றொன்று, பானையின் உள்நிலை அது திருப்பித் தரும் விடையில் அடங்கியிருக்கிறது. பொருளைச் சிதைக்காமல், சிறிது அசைத்து, அதன் விடையைக் கொண்டு உள்ளிருப்பதை அறிவதே இம்முறை.

இதே முறையை மின்கலங்களிலும், துருப்பிடிக்கும் இரும்பிலும், பிற மின்வேதி அமைப்புகளிலும் கையாளும் ஓர் ஆய்வுத்துறை உண்டு. அதற்கு மின்னெதிர்ப்பு நிறமாலையியல் என்று பெயர். பெயர் நீண்டது, கருத்து பானையைத் தட்டுவது போன்றதே. விரலுக்குப் பதிலாக மெல்லிய மாறுதிசை மின்னோட்டம் தட்டுகிறது. செவிக்குப் பதிலாகக் கருவி கேட்கிறது.

ஆங் மோ கியோவில் எழும் வினா

இத்துறை ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுவதன்று. 1973ஆம் ஆண்டு முதல் உருவாகி வளர்ந்த ஆங் மோ கியோ நகரையே எடுத்துக்கொள்ளலாம். 2021ஆம் ஆண்டில் சிங்கப்பூர் அரசாங்கம், மின்வாகனங்களுக்கு ஏற்றவையாக எட்டு நகரங்களை ஆயத்தப்படுத்தப் போவதாக அறிவித்தது. அவற்றுள் ஆங் மோ கியோவும் ஒன்று. இந்நகரங்களில் உள்ள வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வாகன நிறுத்துமிடங்கள் அனைத்திலும் 2025ஆம் ஆண்டுக்குள் மின்னூட்டு முனைகள் அமைப்பது அப்போதைய திட்டமாக இருந்தது. நாடு முழுவதற்கும் 2030ஆம் ஆண்டுக்குள் 60,000 முனைகள் என்பது குறிக்கோள். 2030ஆம் ஆண்டு முதல் புதிதாகப் பதிவாகும் கார்களும் டாக்சிகளும் தூய்மையான எரிசக்தியில் இயங்குபவையாக இருத்தல் வேண்டும் என்றும் முடிவு செய்யப்பட்டது.

மின்வாகனத்தில் விலை மிகுந்த உறுப்பு அதன் மின்கல அடுக்கே. பல்லாண்டு ஓடிய பழைய மின்கார் ஒன்றை ஒருவர் வாங்க முற்படுகிறார் என்று கொள்வோம். அதன் மின்கலத்துக்கு இன்னும் எத்தனை ஆயுள் உண்டு என்பதே அவருடைய முதற்கவலை. இதற்கு மின்னழுத்தமானி போதிய விடை தராது. நிறைய மின்னூட்டி, சிறிது நேரம் ஓய்வில் வைத்தால், புதிய மின்கலமும் தளர்ந்த மின்கலமும் ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தைக் காட்டும். குடம் இப்போது நிரம்பியிருக்கிறது என்பதை அறியலாம். குடத்தின் கொள்ளளவு குறைந்துவிட்டதா, அடியில் விரிசல் உண்டா என்பதை அறிய இயலாது. பிரித்துப் பார்ப்பதோ பேரிடரை அழைப்பதாகும்.

இவ்வினாவுக்குத் தவறான விடை கண்டால் இருபுறமும் இழப்பு. இன்னும் உழைக்கக்கூடிய மின்கலத்தைக் கழித்துவிட்டால் பணமும், அரிதில் தோண்டி எடுத்த லித்தியம், கோபால்ட், நிக்கல் போன்ற உலோகங்களும் உரிய காலத்துக்கு முன்பே அழிவுக்குச் செல்கின்றன. கெட்டதை நல்லதென்று வைத்துக்கொண்டால் வீட்டுக்கே தீங்கு நேரலாம். காருக்குப் போதாத மின்கலம் ஒரே இடத்தில் இருந்து மின்சாரத்தைச் சேமிக்கும் எளிய பணிக்குப் போதுமானதாக இருக்கக்கூடும். அதற்கும் உதவாதது மறுசுழற்சிக்குச் செல்ல வேண்டும். சிங்கப்பூரில் துவாஸ் பகுதியில் 2021ஆம் ஆண்டில் லித்தியம் அயனி மின்கலங்களை மறுசுழற்சி செய்யும் ஆலை ஒன்று திறக்கப்பட்டது. எதை ஓட்டுவது, எதை வேறு பணிக்கு மாற்றுவது, எதை ஆலைக்கு அனுப்புவது என்று பிரித்தறிய மின்கலத்தின் உள்நிலை தெரிந்தாக வேண்டும்.

தடை வேறு, எதிர்ப்பு வேறு

பேச்சு வழக்கில் தடையும் எதிர்ப்பும் ஏறத்தாழ ஒரு பொருள் தரும் சொற்கள். மின்னியலில் அவ்வாறன்று. ஒரு கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளித்தால் எவ்வளவு மின்னோட்டம் செல்லும் என்பதை வரையறுத்து, 1827ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஓம் தம் விதியை வெளியிட்டார். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் கிடைப்பது மின்தடை. அது ஒரே எண்.

மாறுதிசை மின்னோட்டத்தில் செய்தி விரிகிறது. சிங்கப்பூர் வீடுகளுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. இவ்வெண்ணிக்கையே அதிர்வெண். இத்தகைய மின்சாரம் மின்தேக்கி ஒன்றைச் சந்திக்கும்போது, மின்னோட்டமும் மின்னழுத்தமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதில்லை. இதனை ஊஞ்சலைக் கொண்டு எளிதில் உணரலாம். ஊஞ்சல் ஓரத்தின் உச்சியில் இருக்கும்போது அதன் விலக்கம் மிகுதி, வேகமோ சுழி. நடுவில் வரும்போது விலக்கம் சுழி, வேகம் மிகுதி. மின்தேக்கியில் மின்னழுத்தம் ஊஞ்சலின் விலக்கம் போன்றது. மின்னோட்டம் அதன் வேகம் போன்றது. ஆகவே மின்னோட்டம் ஒரு சுற்றில் கால் பங்கு முந்திச் செல்கிறது. இதனைக் கட்ட வேறுபாடு என்பர்.

எனவே மாறுதிசை மின்சாரத்துக்கு ஓர் அமைப்பு தரும் விடையில் இரண்டு செய்திகள் உள: எவ்வளவு எதிர்க்கிறது என்பது ஒன்று, எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்ததே மின்னெதிர்ப்பு. இக்கருத்துக்கு 1886ஆம் ஆண்டில் ஆங்கிலப் பெயர் சூட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலிவர் ஹெவிசைடு. மின்தடை அதிர்வெண்ணைப் பொருட்படுத்துவதில்லை. மின்னெதிர்ப்போ அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறுகிறது. அம்மாற்றத்தில்தான் மின்கலத்தின் மறைபொருள் பதிந்திருக்கிறது.

எல்லையில் நிகழ்வன

மின்கலத்தில் மின்முனையும் மின்பகுளியும் சந்திக்கும் எல்லையே முதன்மையான இடம். அங்கு நிகழ்வதைச் சந்தைக் கடை ஒன்றோடு ஒப்பிடலாம். கடைக்கு வரும் வழியில் நெரிசல் உண்டு. இது மின்பகுளியின் தடை. கடை முகப்பில் வாங்குவோரும் விற்போரும் எதிரெதிரே வரிசையாக நிற்பர். இது மின்முனையின் மின்னூட்டமும், அதற்கு எதிரே கரைசலில் அணிவகுக்கும் அயனிகளும் சேர்ந்த இரட்டை அடுக்கு. இதன் அடிப்படையை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். இவ்வடுக்கு மிக மெல்லிய மின்தேக்கி போலவே இயங்குகிறது. பணமும் பொருளும் கைமாறுவது கொடுக்கல் வாங்கல். இஃது எல்லையைக் கடந்து மின்னூட்டம் பெயரும் வேதிவினை. விற்றுத் தீர்ந்த சரக்கு கிடங்கிலிருந்து வந்து சேர வேண்டும். இஃது அயனிகளின் விரவல்.

இந்நான்கும் ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை என்பதே இத்துறைக்கு அடிப்படை. நொடிக்குப் பல்லாயிரம் முறை அலையும் விரைந்த மின்சாரத்தால் தட்டினால், வேதிவினைக்கோ விரவலுக்கோ விடை சொல்ல நேரம் இல்லை. மின்பகுளியின் தடை மட்டுமே பேசுகிறது. அதிர்வெண்ணைக் குறைக்கக் குறைய, இரட்டை அடுக்கும் வேதிவினையும் தம் விடையைத் தருகின்றன. மேலும் குறைத்தால் விரவலின் குரல் கேட்கிறது. 1,000 நொடிக்கு ஒருமுறை மட்டுமே அலையும் மிக மந்தமான மின்சாரமும் பயன்படுவதுண்டு. அதன் ஒரு சுற்று முடிய 16 நிமிடத்துக்கு மேல் ஆகும்.

வானவில்லில் ஒளி நிறம் நிறமாகப் பிரிந்து வரிசைப்படுவது போல, இங்கு விடைகள் அதிர்வெண் வரிசையில் கோக்கப்படுகின்றன. நிறம் எதுவும் இல்லாத இத்துறைக்கு நிறமாலையியல் என்ற பெயர் வந்ததன் காரணம் இதுவே. நிறமாலை என்னும் சொல்லில் ‘மாலை’ இங்கு மிகப் பொருத்தமானது.

அரைவட்டம் சொல்லும் செய்தி

ஒரு கணக்கால் இதனைத் தெளிவுபடுத்தலாம். மின்பகுளியின் தடை 20 ஓம். எல்லையில் மின்னூட்டப் பெயர்வின் தடை 100 ஓம். இரட்டை அடுக்கின் மின்தேக்கு திறன் 20 மைக்ரோஃபாரட் என்று கொள்வோம். ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் கிடைக்கும் விடையில், மின்னழுத்தத்தோடு ஒத்துச் செல்லும் பங்கைக் கிடைக்கோட்டிலும், கால் சுற்று விலகிய பங்கைச் செங்குத்துக் கோட்டிலும் குறித்து வரைந்தால் ஓர் அரைவட்டம் தோன்றும். அது 20இல் தொடங்கி 120இல் முடியும். அதன் உச்சி 50 ஓம் உயரத்தில் நிற்கும். நொடிக்கு ஏறத்தாழ 80 சுற்று என்னும் அதிர்வெண்ணில் அவ்வுச்சி வரும். விரவலும் இருக்குமாயின், அரைவட்டத்தின் வலப்புறத்தில் 45 பாகைச் சாய்வில் ஒரு கோடு வால் போல் எழும்.

ஓராண்டு கழித்து இதே கலத்தை மீண்டும் சோதித்ததில், மொத்தத் தடை 120இலிருந்து 220 ஓமாக உயர்ந்துள்ளதாகக் கொள்வோம். நேர்மின்னோட்டச் சோதனை இந்த 220ஐ மட்டுமே சொல்லும். அரைவட்டமோ மேலும் சொல்லும். அது 20இல் தொடங்கி 220இல் முடிந்தால், மின்பகுளி நலமாக உள்ளது. நலிவு மின்முனையின் எல்லையில். 120இல் தொடங்கி 220இல் முடிந்தால், எல்லை நலமாக உள்ளது. மின்பகுளி வற்றியிருக்கலாம், அல்லது இணைப்பு தளர்ந்திருக்கலாம். மொத்தம் ஒன்றே, நோய் வேறு. நோய் வேறாயின் மருந்தும் வேறன்றோ? தளர்ந்த இணைப்பை இறுக்கினால் தீரக்கூடிய குறைக்காக மின்கலம் முழுவதையும் கழித்துவிடாமல் காப்பது இப்பகுப்பே.

உண்மையான லித்தியம் அயனிக் கலத்தின் படம் இவ்வளவு எளிமையானதன்று. மின்முனைமேல் படியும் மெல்லிய படலம் தனக்கென ஒரு வளைவைத் தரும். நேர்முனையும் எதிர்முனையும் தத்தம் வளைவுகளைத் தந்து ஒன்றோடொன்று கலந்து நிற்கும். ஆயினும் படிக்கும் முறை இதுவே.

காரைக்குடியும் பெங்களூரும்

இத்துறை ஒரே நாளில் தோன்றியதன்று. விரவல் மாறுதிசை மின்னோட்டத்தை எவ்வாறு எதிர்க்கிறது என்பதை 1899ஆம் ஆண்டில் ஜெர்மனியின் எமில் வார்பர்க் கணித்தார். 1947ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராண்டில்ஸும் சோவியத்து நாட்டின் எர்ஷ்லரும் எல்லையின் நிகழ்வுகளை மின்தடை, மின்தேக்கி முதலியவை கொண்ட சுற்றாக உருவகித்தனர். இன்றும் மாணவர் முதலில் பயில்வது ராண்டில்ஸின் பெயரால் வழங்கும் அச்சுற்றையே.

இவ்வரலாற்றில் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. நகரத்தார் வழியே சிங்கப்பூர்த் தமிழருக்கு நெடுங்காலமாக அறிமுகமான காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கியதன் பயனாக மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் எழுந்தது. 1948ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார்.

அந்நிலையத்துக்குப் பின்னாளில் இயக்குநராக விளங்கிய கே. எஸ். ஜி. டாஸ், 1950ஆம் ஆண்டை ஒட்டி, அகர்வாலுடன் சேர்ந்து ஒரு நுண்ணிய விளைவைக் கண்டறிந்தார். மின்முனையின்மேல் மாறுதிசை மின்சாரத்தைச் செலுத்தும்போது அதன் சராசரி மின்னழுத்தமும் சிறிது நகர்கிறது என்பதே அது. தட்டுதல் சற்று வலுத்தால் விடை தட்டுதலுக்கு நேர்விகிதத்தில் இராது. அந்தப் பிறழ்விலிருந்தும் வேதிவினையின் வேகத்தை அறியலாம் என்பதை இது காட்டிற்று. காரைக்குடியில் டாஸுடன் பணியாற்றிய எஸ். கே. ரங்கராஜன், 1974ஆம் ஆண்டில், நேர்விகிதத்தில் விடை தரும் மின்வேதி அமைப்புகள் அனைத்தையும் ஒரே கணித நோக்கில் அடக்கும் கட்டுரைத் தொடரை வெளியிட்டார்.

1979ஆம் ஆண்டில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சத்தியநாராயணாவும் உடன் ஆய்ந்தோரும், நிக்கல் காட்மியக் கலத்தையும் ஈய அமிலக் கலத்தையும் இம்முறையில் ஆராய்ந்தனர். கலத்தில் எஞ்சியுள்ள மின்னூட்டத்தை, அதனைச் செலவழித்துப் பார்க்காமலே, தாழ்ந்த அதிர்வெண்களில் கிடைக்கும் கட்ட வேறுபாடு முதலியவற்றால் மதிப்பிட முடியுமா என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட வினா. இன்று மின்வாகனத்தை நிறுத்தும் ஒவ்வோரிடத்திலும் எழும் வினாவும் அதன் தொடர்ச்சியே.

கீழே வண்டி, மேலே கூரை

ஆங் மோ கியோவில் இம்முறைக்கு மற்றொரு களமும் உண்டு. கீழே வாகனம் நிறுத்துமிடத்தில் உள்ளது மின்கலம். மேலே வீட்டுக் கூரையில் காரைக்குள் உள்ளது இரும்புக் கம்பி. இரும்பு துருப்பிடிப்பதும் மின்வேதி நிகழ்ச்சியே. கம்பி முழுவதும் விருப்பமின்றி இயங்கும் சிறு சிறு மின்கலங்களாக மாறுவதே துரு.

புதிய கான்கிரீட்டு மிகுந்த காரத்தன்மை உடையது. அக்காரம் கம்பியின்மேல் காப்புப் படலம் ஒன்றைப் போர்த்தி வைக்கிறது. பல்லாண்டுகளில் காற்றிலுள்ள கரியமில வாயு உட்புகுந்து காரத்தைத் தணிக்கிறது; படலம் சிதைகிறது; ஈரம் சேர்ந்தால் துரு தொடங்குகிறது. துரு இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைப்பதால் காரை வெடித்துப் பெயர்கிறது. பழைய அடுக்குமாடி வீடுகளின் குளியலறை, சமையலறைக் கூரைகளில் இது காணப்படுவது உண்டு. பழுது பார்ப்போர் கூரையைச் சுத்தியலால் தட்டி, உள்ளீடற்ற ஒலி எழும் இடத்தைக் கண்டுபிடிப்பர். இங்கும் பானை வாங்கும் மூதாட்டியின் முறையே. ஆயின் அவ்வொலி எழும்போது காரை முன்னரே பிரிந்திருக்கும்.

அதற்கு முன்பே அறிய மின்சாரத்தால் தட்டலாம். 1957ஆம் ஆண்டில் ஸ்டெர்ன், கியரி என்னும் இருவர், எல்லையின் தடைக்கும் துருவேறும் வேகத்துக்கும் உள்ள தொடர்பை வகுத்தனர். தடை பெரிதாயின் துரு மெதுவாகும். தடை சிறிதாயின் துரு விரைவாகும். இங்கு ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். மின்கலத்தில் அரைவட்டம் பெரிதாவது நலிவு; அங்கே வேதிவினை தடையின்றி நடக்க வேண்டும். கூரைக் கம்பியில் அரைவட்டம் பெரிதாக இருப்பதே நலம். அங்கே வேதிவினை நடக்கவே கூடாது. ஒரே படம், இடத்துக்கு ஏற்ப எதிரெதிர்ப் பொருள் தருகிறது. இடம் நோக்கிப் பொருள் கொள்ளும் மரபு தமிழாசிரியருக்குப் புதிதன்று.

எச்சரிக்கைகள்

இம்முறை மந்திரக் கண்ணாடியன்று. முதலாவதாக, தட்டுதல் மென்மையாக இருத்தல் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் பெரும்பாலும் 5 முதல் 10 மில்லிவோல்ட்டு வரையிலான அலையே பயன்படுகிறது. வலுத்தால் விடை திரிந்துவிடும். இரண்டாவதாக, அளக்கும் நேரம் முழுவதும் பொருள் மாறாதிருத்தல் வேண்டும். மந்தமான அதிர்வெண்களில் அளவீடு நீள்வதால் இது கடினம். மூன்றாவதாக, வெப்பநிலையும் மின்னூட்டத்தின் அளவும் விடையைப் பெரிதும் மாற்றும். காலையில் குளிர்ந்திருந்த மின்கலத்தையும் நண்பகலில் ஓடிக் களைத்த மின்கலத்தையும் ஒப்பிட்டு முடிவு கூறுவது முறையன்று.

யாவற்றினும் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. வெவ்வேறு சுற்றுகள் ஒரே வளைவைத் தரக்கூடும். வளைவுக்குப் பொருந்திய ஒரு சுற்றை வரைந்துவிட்டதனாலேயே அதுதான் உள்ளே உள்ளது என்று முடிவு செய்தல் ஆகாது. சிலேடைப் பாட்டுக்கு ஒரு பொருள் பொருந்திவிட்டதால் மறு பொருள் இல்லையென்று கூறுவதை அது ஒக்கும். வேறு சோதனைகளின் சான்றும் சேர்ந்த பின்னரே முடிவுக்கு வருதல் வேண்டும். தீப்பற்றக்கூடிய மின்கலத்தை இச்சோதனை ஒன்றே முன்கூட்டித் தவறாது காட்டிக்கொடுக்கும் என்று நம்பி, தரச்சான்று பெற்ற கருவிகளையும் மின்னூட்டும் விதிகளையும் புறக்கணிப்பது கூடாது.

தமிழாசிரியர்க்கு

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் அறிவியல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகிறது. ஆங் மோ கியோவிலேயே நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியும், தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் மத்தியக் கல்லூரியும் உள்ளன. நாளை மின்வாகனங்களைப் பழுது பார்க்கப் போகிறவர்களுள் தமிழ் மாணவரும் இருப்பர். அவர்கள் தம் தொழிலை ஆங்கிலத்தில் கற்பர். ஆயின் வீட்டில் தாத்தா, ‘கீழே நிற்கும் அந்த வண்டியின் மின்கலம் இன்னும் எத்தனை நாள் தாங்கும்? எப்படிச் சொல்கிறாய்?’ என்று கேட்டால், விடை சொல்லத் தமிழில் சொற்கள் வேண்டும். மின்தடை, மின்னெதிர்ப்பு, மின்பகுளி, அதிர்வெண், கட்ட வேறுபாடு ஆகிய சொற்கள் பாடநூல்களில் உறங்கிக் கிடப்பவையல்ல. இன்று வாகன நிறுத்துமிடத்தில் தேவைப்படுபவை. அவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்விப்பதால் பயன் சிறிது. தடைக்கும் எதிர்ப்புக்கும் உள்ள வேறுபாட்டை ஊஞ்சலைக் கொண்டு ஒருமுறை விளக்கிவிட்டால், மாணவன் சொல்லையும் மறவான், பொருளையும் மறவான். அடுத்த பொங்கலுக்குப் பானை வாங்கச் செல்லும்போது பாட்டி ஏன் தட்டிப் பார்க்கிறார் என்பதையும் அவனே எடுத்துச் சொல்வான்.